பட்டியலில் இரண்டாவது பெயர்

மென்பொருளைப் பொதியாகக் கட்டும்போது அமைப்புக் கோப்பையும் உள்ளே வைப்பார்கள். மென்பொருள் படுத்துவிட்டால் கணினி தானாக யார் கைபேசியைக் கூப்பிட வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். முதலில் அவள், ஐந்து நிமிடத்தில் அவள் எடுக்காவிட்டால், அதே அலுவலகத்தில் வேலை பார்த்த அவள் கணவன்.

அவன் இறந்து நாற்பது நாளாகிவிட்டது.

"அக்கா, மாமா பேரு இன்னும் இருக்கே. நான் எடுத்துடட்டுமா?" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"வேணாம்டி. நானே எடுக்கறேன்."

அழித்தாள். பொதியைக் கட்டி, பிரித்தும் பார்த்தாள். அவள் பெயர் மட்டுமே இருந்தது. சோதனைக்காக மென்பொருளை நிறுத்தினாள்; அடித்த கைபேசியை எடுக்கவில்லை. அவள் எடுக்கும்வரை அது அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆறாவது நிமிடத்தில் நின்றது. மென்பொருள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. திரையில், அழைப்பை எடுத்தவர் குறிப்பெழுதும் கட்டத்தில் ஒரு வரி வந்திருந்தது:

"அவளை விட்டுடுங்க, தூங்கியே நாளாச்சு. நான் பாத்துக்கறேன்."