தாங்கும் பாலம்

"பாலம் இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும்னு எழுதிக் குடு, மிலுட்டின். இந்த வருஷப் பணத்துல சதுக்கத்துல நீரூற்று வச்சாகணும். தேர்தல் வருதுல்ல? பாலத்துக்கு அடியில எவன் எட்டிப் பாக்கப் போறான்?" பிளம் சாராயக் கோப்பையை நீட்டியபடி மேயர் சிரித்தார்.

நகராட்சிப் பொறியாளர் மிலுட்டின் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வாரம் மழையில் காரில் வந்தவர், பாலத்தருகே திகைத்து நிறுத்தினார். பள்ளிப் பேருந்து கரையில் காலியாக நின்றது. பிள்ளைகள் நனைந்தபடி வரிசையாகப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேயர் காதுக்கு இது போனால் என்னாவது?

"என்ன கோர்தானா, ஊரையே பயமுறுத்துறியா? பாலம் நல்லாயிருக்குன்னு நான்தானே கையெழுத்துப் போட்டேன்!"

ஓட்டுநர் கோர்தானா ஜன்னலை இறக்கினாள்.

"அதை நம்பித்தான் சார் போன வாரம் எல்லாரையும் வச்சு ஓட்டப் போனேன். உங்க பொண்ணு தெயா எழுந்து நின்னு அழுதுட்டா."

"அழுதாளா? ஏன்?"

"'பாலம் வந்தா இறங்கி நடக்கணும். எங்கப்பா எப்பவும் என்னையும் அம்மாவையும் இறக்கி விட்டுட்டுத்தான் காரை ஓட்டுவாரு'ன்னா. அதுக்கப்புறம் உங்க கையெழுத்தை நான் எப்படி சார் நம்புறது?"

மிலுட்டினின் தலை தானாகக் குனிந்தது. அக்கரை சேர்ந்துவிட்ட தெயா, அப்பாவைப் பார்த்ததும் துள்ளித் துள்ளிக் கையசைத்தாள்.

திருப்பி அசைக்க அவருக்குக் கை எழவில்லை.