பிரித்த தையல்

போர்வைக்காகத் தைத்த துணிக் கட்டத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார் பெரியவர். காற்றில் அது படபடத்தது. தையலை ஒட்டியே இன்னொரு வரிசை ஊசித் துளைகள்.

யாரோ பிரித்திருக்கிறார்கள். பிரித்து மறுபடி தைத்திருக்கிறார்கள்.

நூலை உருவி எறிந்துவிடலாம், துளையை என்ன செய்வது? காலமெல்லாம் தையல் கடை வைத்திருந்தவரிடமா இந்த வேலை?

அடுக்கிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதிலும் துளை. அடுத்ததிலும்.

வெளியூரில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். "கடையில ஆயிரம் கிடைக்கும்ப்பா, எனக்கு உங்க கையால தெச்ச போர்வைதான் வேணும்" என்று போனில் சொல்லிவிட்டாள். துண்டுத் துணிகளைச் சதுரமாக வெட்டி, ஒன்பதைச் சேர்த்து ஒரு கட்டம். அப்புறம் கட்டத்தோடு கட்டம். ஒரு நூல் பிசகினாலும் மூலையோடு மூலை சேராது.

மாதம் நெருங்கிவிட்டது. போர்வை பாதிகூட ஆகவில்லை. முதுகு விட்டுப்போகிறது. இந்த லட்சணத்தில் வீட்டுக்குள்ளேயே ஒரு திருட்டுக் கை.

யாருடைய கை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மகனுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. மிச்சம் மருமகள். நாத்தனாருக்குப் போர்வை போவது பொறுக்கவில்லை.

அவர் போடுவதோ பொடித் தையல். பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக பிளேடு நுனியால் கெல்ல வேண்டும். பெரிய தையல் சோம்பேறிக்கு, ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும் என்று கடையில் எல்லோரையும் திட்டியே தொண்டை கட்டியவர். இத்தனை பாடுபட்டுப் பிரிக்கிறாள் என்றால் எவ்வளவு வன்மம்!

மதியம் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பொய்க் குறட்டைகூட விட்டார்.

காலை ஷிப்ட் முடிந்து மருமகள் வந்தாள். கம்பெனியில் ஓயாமல் காலர் தைத்துவிட்டு வருகிறவள். சாப்பிடக்கூட இல்லை. நேராக மெஷினுக்குப் போய், அவர் நேற்றுத் தைத்த கட்டங்களை எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். பிளேடை எடுத்தாள்.

மாட்டினாயா! முழுசாகப் பிரிக்கட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று கிடந்தார்.

அவள் ஒவ்வொரு தையலாகக் கெல்லினாள். நடுவில் தலை தொங்கிப்போய், திடுக்கிட்டு விழித்தாள். பிளேடு விரலைக் கீறியது. துணியில் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு ஓரத்தோடு ஓரம் வைத்து, குண்டூசி குத்தி, சத்தம் வராமலிருக்க மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டித் தைத்தாள்.

போன் அதிர்ந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

"மாமா தூங்குறாரு... போர்வைதானே? எல்லாம் உங்கப்பா கைதான். ஒரு மூலைகூடப் பிசகல, வந்து பாரு."

குறட்டை எப்போது நின்றதென்று அவருக்கே தெரியவில்லை.

அவள் அடுப்படிக்குப் போனதும் எழுந்தார். கட்டத்தை மறுபடி ஜன்னலில் பிடித்தார். தையல் கோடு போட்டது போல நேராக இருந்தது. பக்கத்துத் துளை வரிசைதான் விலகி, திரும்ப வந்து, மறுபடி விலகிப் போயிருந்தது.

ஜன்னல் திரைச்சீலை அசையாமல் தொங்கியது. கட்டம் மட்டும் அவர் கையில் படபடத்தது.

"என்ன மாமா, அதுக்குள்ள எழுந்துட்டீங்க?"

"தூங்கினது போதும். நீ முதல்ல போய்ச் சாப்பிடு."

மெஷினில் உட்கார்ந்தார். அடுத்த கட்டத்துக்கான துண்டுகளை ஊசிக்கடியில் வைத்தார்.

கடை திறந்த நாளிலிருந்து தொடாத தையல் அளவுத் திருகைத் தடவிப் பிடித்து, பெரிய தையலுக்குத் திருப்பி வைத்தார்.