மூச்சு விடாத இங்கிலீஷ்

"இன்னொரு தடவை அந்தச் சத்தம் வந்துச்சுன்னா, நேரா வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் பத்மநாபன்.

நீலா தொண்டையைத் தடவிக்கொண்டாள். "எந்தச் சத்தம் சார்?"

"அதான், அந்த 'ம்ம்ம்'! அப்புறம் வாய்க்கு வாய் 'ஆக்சுவலி', 'யூ நோ'. நீ இங்கிலீஷ் பேசுறியா, எருமை மாதிரி அசைபோடுறியா?"

விமான் நகர் கால் சென்டரில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுப்பவர் அவர். லண்டனை மேப்பில் மட்டுமே பார்த்தவர். ஆனாலும் தான் வாயைத் திறந்தால் லண்டன்காரனே வெட்கப்படுவான் என்று நினைப்பு.

நீலாவுக்கு இன்று கடைசி டெஸ்ட். சிஞ்ச்வட்டில் அப்பா வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். இந்த வேலையும் கிடைக்காவிட்டால் வீட்டில் யாருக்கும் சம்பளம் இல்லை.

"வார்த்தையைத் தேடுறப்ப அப்படி வந்துடுது சார். பேசாம இருந்தா, லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சுடுவாங்களே..."

"வியாக்கியானத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லே!"

போன் வந்தது. பாஸா, ஃபெயிலா என்று முடிவு செய்ய மேனேஜர் அம்ருதாவும் பின்னால் வந்து நின்றாள். பத்மநாபன் ஸ்பீக்கரைப் போட்டார்.

இங்கிலாந்தில் ஒரு வயதான அம்மாள். ஃப்ரிட்ஜ் ரிப்பேர்.

"ம்ம்... ஆக்சுவலி, மேடம்..." என்று நீலா தடுமாறினாள். அந்த அம்மாள் சிரித்தாள். அவசரமே இல்லை, நிதானமாகச் சொல்லம்மா என்றாள்.

பத்மநாபனுக்குப் பொறுக்கவில்லை. நீலாவை நகர்த்திவிட்டு மைக்கை இழுத்துக்கொண்டார். "கேட்டுக்கோ. இதுதான் இங்கிலீஷ்."

வாரன்டி விதிகளைக் கடகடவென்று ஒப்பித்தார். ஒரு திணறல் இல்லை, ஒரு இழுவை இல்லை. மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம்.

மறுமுனையில் பேச்சே காணோம். யாரோ போன் பட்டனை அழுத்துகிற மாதிரி 'பீப்... பீப்...' என்று மட்டும் கேட்டது. பத்மநாபன் அதையெல்லாம் சட்டை செய்யாமல் கடைசி விதிவரை சொல்லி முடித்தார்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அம்ருதாவைப் பெருமையோடு பார்த்தார். பிறகு நீலாவிடம், "பார்த்தியா? கிழவி வாயடைச்சுப் போயிட்டா!" என்றார்.

அந்த அம்மாள் தன் வீட்டுக்குள் புருஷனைப் பார்த்துக் கத்துவது ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

"ஆர்தர்! நல்லா பேசிட்டிருந்த பொண்ணை எடுத்துட்டு, மறுபடியும் அந்த மெஷினைப் போட்டுட்டாங்க!"