பிளக்கைப் பிடித்தவர்

வீசிங் வந்துவிட்டதால் மங்கையர்க்கரசி நெபுலைசரை ரயிலின் சார்ஜிங் பாயிண்டில் சொருகினாள். பிளக் நிற்காமல் கழன்று கழன்று விழுந்தது. எதிர் சீட்டுக்காரர் தானாக எழுந்து வந்து அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிருவேன். அதுவரைக்கும் பிடிக்கிறேன், மருந்தை இழுங்கம்மா.”

எந்த நேரம் கையை எடுத்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே இழுத்தாள்.

“தனியாவா போறீங்க?”

“வீட்டுக்காரர் அடுத்த பெட்டியில இருக்கார்” என்று மாஸ்க்கைத் தூக்கிப் பொய் சொன்னாள்.

ஸ்டேஷன் வந்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாம் இறங்கிப் போனார்கள்; பெட்டியில் அவளும் அவரும் மட்டும்தான் மிச்சம். வண்டி கிளம்பியும் அவர் நகரவில்லை.

“இறங்கலையாண்ணே?”

“போகட்டும்மா. மருந்து முடியட்டும்.”

மருந்து முடிந்துவிட்டது, மூச்சும் லேசாகிவிட்டது. மாஸ்க்கை மட்டும் அவள் கழற்றவில்லை. அது முகத்தில் இருக்கிறவரை அவர் கை பிளக்கில்தான் இருக்கும்.