அட்டைக்கு அட்டை

"ஆகாதும்மா" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அட்டையைக் கையில்கூட எடுக்காமல்.

அவளுக்குச் சுருக்கென்றது. சீட்டுக்கட்டுச் சீட்டளவு அட்டையில், கழுத்து வலிக்க உட்கார்ந்து வரைந்த ரோஜா.

"என்ன குறை?"

"இதே ரோஜா எங்க வீட்டு பிஸ்கட் டப்பாவிலயும் இருக்கு."

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. ஞாயிறுதோறும் அந்தக் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கையால் வரைந்த குட்டி அட்டைகளை மாற்றிக்கொள்கிறவர்கள் அவர்கள். விற்கக் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. அட்டைக்கு அட்டை, அதுவும் பிடித்திருந்தால் மட்டும். அதுதான் சட்டம்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த அவள் கணவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். சாவதற்கு முன் அவர் கடைசியாக வரைந்த அட்டை இந்தக் கடைக்காரரிடம் போயிருந்தது. வாசலில் கழற்றிப் போட்ட அவளுடைய செருப்பு, ஒன்று கவிழ்ந்தபடி. அப்படி ஒரு படம் இருப்பதே மருமகள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"புருஷனைப் பறிகொடுத்துட்டு வந்து நிக்கறாங்க. கொடுத்துத் தொலையேன்யா" என்றார் கூட்டத்திலிருந்த எலக்ட்ரீஷியன் ஒருவர்.

"உனக்கொரு சட்டம், அவங்களுக்கொரு சட்டமா? எனக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு வரைஞ்சு கொண்டுவரட்டும்."

வீடு திரும்பும் வழியெல்லாம், கூட வந்திருந்த மருமகள் முணுமுணுத்தாள். "விடுங்க அத்தை. பேசாம வந்து படுங்க. இது உங்களால ஆகிற காரியமில்ல."

"அந்தாளு உனக்கென்ன தாய்மாமனா? நீயும் ஒத்து ஊதறே!"

அவர் போனதிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவள், அன்றைக்குப் படுக்கவில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பென்சிலைச் சீவினாள். அந்தச் செருப்பு அட்டையை வாங்காமல் விடுவதில்லை.

அடுத்த ஞாயிறு அன்னம் கொண்டுபோனாள்.

"அன்னத்தை நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"ஆகாது."

அதற்கடுத்து, அடுப்பில் கெட்டில்.

"ஆவி வருது. அடுப்பு எரியலையேம்மா?"

"கல்நெஞ்சக்காரன்" என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அந்தக் கெட்டிலைக் கூட்டத்திலிருந்த ஒரு நர்ஸ் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு குடைப்படம் கொடுத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கோபம் மட்டும் குறையவில்லை.

வீட்டில் எதையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். "அசையாதேடி, அப்படியே நில்லு!" என்று துணி காயப்போட்ட மருமகளை வெயிலில் நிறுத்தி வைத்தாள்.

கடைசியில் ஒரு நாள், கதவுக்குப் பின்னால் திரும்பினாள். ஆணியில் அவர் மாட்டிவிட்டுப் போன கருவிப் பை. இத்தனை நாளும் ஏறிட்டுப் பார்க்க முடியாத பை. ஜிப் அறுந்த இடத்தில் அவர் குத்தியிருந்த ஊக்கு உட்பட வரைந்தாள். நடுவில் அழுகை முட்டியது. அட்டை நனையாமல் தள்ளி வைத்து அழுது தீர்த்துவிட்டு, மறுபடி இழுத்துக்கொண்டாள்.

கடைக்காரர் அதை லென்ஸ் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஊக்கு துருப்பிடிச்சிருக்கு" என்றார்.

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல." அவர் லென்ஸைக் கீழே வைத்தார். "இது எனக்கு வேணும்."

"அப்போ எடுங்க என் செருப்பை!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் மருமகளைப் பார்த்தார். அவள் கைப்பையைத் திறந்து, பஸ் பாஸுக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். அதில் இரண்டு செருப்பு, ஒன்று கவிழ்ந்தபடி.

"நீங்க முதல்ல இங்க வர்றதுக்கு முன்னாடியே, இவர் எங்கிட்ட சும்மாவே கொடுத்துட்டார் அத்தை. நீங்க படுக்கைய விட்டு எழுந்திருக்கணுமே... ‘ஆகாது’ன்னு சொல்லச் சொன்னது நான்தான்."

அவள் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கடைக்காரர் கையிலிருந்த கருவிப் பையை வெடுக்கென்று பிடுங்கி மருமகளிடம் நீட்டினாள்.

"சும்மா வாங்கக் கூடாது. இந்தா, அட்டைக்கு அட்டை."

"அப்போ எனக்கு?" என்றார் கடைக்காரர் பரிதாபமாக.

அவள் செருப்பு அட்டையை முந்தானையால் துடைத்தபடி சொன்னாள்: "அடுத்த ஞாயிறு பார்க்கலாம். எனக்குப் பிடிச்ச மாதிரி ஒண்ணு வரைஞ்சு கொண்டுவாங்க."