செத்துப் பிழைத்த பெயர்

"குழந்தை பேரு?" என்றார் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர், தலையை நிமிர்த்தாமலே.

"அனஸ்தேசியா," என்றாள் எதிரே நின்ற பெண்.

"வாயிலயே நுழையலையேம்மா!"

"கிரேக்கப் பேரு சார். செத்துப் பிழைச்சவள்னு அர்த்தம்."

"அடடா, பிரசவம் அவ்வளவு கஷ்டமா?"

"எங்கம்மாவைத்தான் கேக்கணும். நாற்பத்திரண்டு வருஷமாச்சு."

எழுத்தர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அப்ப பேரு யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

அவள் ஓர் இறப்புச் சான்றிதழை நீட்டினாள். அடியில் அவருடைய கையெழுத்தேதான்.

"மாமியார் செத்தப்ப, இறந்தவர் பேருக்குப் பதிலா மனு கொடுத்த என் பேரை எழுதிட்டீங்க. பதிஞ்சது பதிஞ்சதுதான், அந்தப் பேர்ல இனி யாரும் உயிரோட இருக்க முடியாதுன்னும் சொல்லிட்டீங்க. அதான் சார், வேற பேர்ல வந்திருக்கேன்."