யார் அந்த ஜொகரா?

"ஜொகரா... ஏ ஜொகரா!"

ராஜபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஜபருல்லா, நினைவு தடுமாறியதிலிருந்து மனைவியை இப்படித்தான் கூப்பிடுகிறார். மனைவியின் பெயரோ மைமூன்.

மருமகள் இர்ஃபானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலமெல்லாம் ஆக்கிப்போட்டவளை மறந்துவிட்டு எவளையோ தேடுகிறாரே மனுஷன்! மாமியார் "இந்தா வாரேன்" என்று சிரித்தபடி கஞ்சியோடு கிளம்பியதுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை.

"யாரு மாமி அந்த ஜொகரா? கூப்பிட்டதும் எந்திரிச்சுப் போறீகளே!"

"எங்க அக்காடி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவளுக்குத்தான் ஒங்க மாமாவ மொதல்ல பேசியிருந்துச்சு. சொந்தத்துக்குள்ளதான். நிக்காஹுக்கு ரெண்டு நாள் இருக்கையில விஷக்காய்ச்சல்ல மவுத்தாயிட்டா. நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்சதும், அவளுக்கு எடுத்த சேலைய எனக்குக் கட்டிவிட்டாக. எம்மனசு நோகும்னு இம்புட்டு வருஷமா அவ பேரை ஒங்க மாமா வாயில எடுத்ததே இல்ல."

இர்ஃபானா பின்னாலேயே நடந்தாள்.

ஜபருல்லா மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் விட்டுருச்சு ஜொகரா!" முகம் புதுமாப்பிள்ளை போல மலர்ந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒந்தங்கச்சி மைமூன் கண்ணு மூடாம ஒன்னையப் பார்த்துக்கிட்டா. பாவம், தங்கமான புள்ள. நம்ம நிக்காஹ் முடிஞ்சதும் அவளுக்கு நல்ல மாப்பிள்ளையா நாந்தான் பார்க்கணும்."

மைமூன் ஒரு கரண்டிக் கஞ்சியை ஊட்டி, அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

"நல்ல மாப்பிள்ளையாத்தான் அமைஞ்சிருச்சு அவளுக்கு. நீங்க குடிங்க."